ஆழப் பக்கத்துச் சரிவு

குளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மில்லியின் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே இருந்த குறுகிய சந்தில், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பாதிச் சந்திலேயே அந்த வாடை எதிரே வந்து நின்றது. வாளியில் ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. அதற்கு அடியில் அழுகிய முட்டை. அதற்கும் அடியில், கொஞ்சம் இனிப்பாக, ஏதோ செத்துப்போனதன் வாடை. வாயால் மூச்சுவிட்டுப் பார்த்தாள். நாக்கில் ருசியே தெரிந்தது. மறுபடி மூக்குக்கே மாறிக்கொண்டாள்.

மில்லி என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயரில்லை. நீச்சல் குளம் கட்டித் தரும் சித்தப்பாவின் கம்பெனியில் எல்லோரும் ஒரு சாண் கூட, ரெண்டு விரல் கம்மி என்று பேசிக்கொண்டிருந்தபோது, வரைபடம் போட வந்த இவள் ஒருத்தி மட்டும் மில்லிமீட்டரில் பேசினாள். முதல் வாரமே மேஸ்திரி பெயர் வைத்துவிட்டார். இப்போது சித்தப்பாவே அண்ணன் மகளின் நிஜப் பெயரைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சந்து முடிந்து தோட்டம் திறந்ததும் நின்றாள். பதினொரு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். நான்கு மாதத்துக்கு முன் அவள் மேசையில் மெல்லிய கோடுகளாகக் கிடந்த குளம் இப்போது பச்சையாக, தடிமனாக, வெயிலில் அசையாமல் கிடந்தது. மேலே தோல் கட்டியிருந்தது. அடியிலிருந்து ஒரு குமிழி எழும்பி வந்தது, ஆனால் அந்தத் தோலைக் கிழிக்கத் தெம்பில்லாமல் அப்படியே கொப்புளமாக நின்றது. ஓரத்தில் ஒரு தவளை மல்லாந்து, தூங்குகிறவன்போலக் கைகளை விரித்து மிதந்தது.

"ஊறப்போட்டுட்டீங்களா?" என்றாள்.

"மூணு வாரம் ஆச்சு" என்றார் மேஸ்திரி. ஏதோ நல்ல காரியத்தைச் சொல்வதுபோல முகம். "ரெண்டு மூட்டை உரம், வெட்டின புல்லு, மோட்டார் போடவே இல்ல. இந்தத் தடவை மாதிரி எப்பவும் வந்ததில்ல மில்லி. கரண்டியால அள்ளலாம்."

ஊறப்போடுவது என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். குளம் கட்டி முடித்தால் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊர்ப் பக்கத்துக்கு வரும் ஆய்வாளருக்கு நாற்றம் ஆகாது. காரை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். அதனால் அவருக்குக் கைக்குட்டை என்றே பெயர். தண்ணீர் தெளிவாக இருந்தால் மனிதர் குனிந்து, நிமிர்ந்து, தரையைப் பார்த்து, வடிகால் ஓட்டையைப் பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்பார். தண்ணீர் அழுகிக் கிடந்தாலோ ஆழப் பக்கச் சுவரோரம் ஒரே ஒரு இடத்தில் குண்டு கட்டிய நாடாவை இறக்கி, எண்ணைப் பார்த்து, ஓடியே போய்விடுவார். இதைச் சித்தப்பா எப்போதோ தற்செயலாகக் கண்டுபிடித்தார். பிறகு அது தற்செயலாக இல்லை.

மில்லிக்கு இது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தும் இருக்கிறாள். பூச்சு கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும், ஓடு ஒன்றிரண்டு கோணலாக இருக்கும், அதை மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கைக்குட்டை பதினோரு மணிக்கு வர்றாரு" என்றபடி சித்தப்பா பம்பு அறையிலிருந்து வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. "படம் கொண்டாந்தியா? குடு. நீ கிளம்பு, ஆபீஸ்ல வேலை கிடக்கு."

"வந்ததே வந்தேன், ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன் சித்தப்பா. தோண்டினதுலேர்ந்து என்னை இந்தப் பக்கமே விடலியே நீங்க."

"இதுல என்னத்தப் பார்ப்ப? கண்ணாடியா போட்டு வெச்சிருக்கு?"

மேஸ்திரி சிரித்தார். மில்லி சிரிக்கவில்லை. மதில்மேல் சாய்த்து வைத்திருந்த மூன்று மீட்டர் அளவுக்கம்பை எடுத்தாள்.

இந்தக் குளத்தின் படத்தை அவள் ஆசையாகப் போட்டிருந்தாள். வீட்டுச் சொந்தக்காரம்மா தையல் ஆலை நடத்துகிறவர். தையலம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் வெட்டு மேசை முன்னால் நின்றே கால்கள் இரண்டும் உப்பிப்போய், முழங்கால் மடங்காமல் இருந்தார். தண்ணீருக்குள் நடங்கள், பாரம் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எனக்கு நீச்சலெல்லாம் தெரியாது கண்ணு. நடக்கணும். கால் தரையில இருக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே அன்று மில்லியின் தாளில் விரலால் ஒரு கோடு இழுத்தார். ஆனால் அவர் மாப்பிள்ளைக்கு ஆழம் வேண்டும்; உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். இரண்டையும் ஒரே குளத்தில் வைக்க வேண்டும் என்றால் விதி ஒன்றுதான்: நடக்கிற பக்கம் முடிந்து தரை இறங்க ஆரம்பித்தால், ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் தூரமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது.

அவள் அப்படியே போட்டாள். ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நான்கு மீட்டர் நடை. பிறகு நாலரை மீட்டர் நீளச் சரிவு. அது முடியும் இடத்தில் இரண்டு மீட்டர் அறுபது ஆழம். மிச்சமிருந்த இரண்டரை மீட்டர் குதிக்கிறவருக்கு.

கம்பைப் பச்சைத் தோலில் குத்தினாள். தோல் கிழிந்து ஒரு புது நாற்றம், இதுவரை உள்ளே அடைத்து வைத்திருந்ததுபோல, முகத்தில் அடித்தது. நடைப் பக்கம் ஒன்று பத்து. சரி. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒன்று பத்து. சரி. சரிவு தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கம்பை இறக்கினாள். அங்கே ஒன்றே முக்காலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கம்பு நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் விரல்கள் பாசியில் நனைகிறவரை இறங்கி, அப்புறம்தான் தட்டியது.

"ரெண்டு அறுபது" என்றாள் மில்லி. "சித்தப்பா, இங்கயே ரெண்டு அறுபது காட்டுது."

"ஓரத்துல அப்படித்தான் காட்டும். மூலை வளைவு இருக்கில்ல? நடுவுல எல்லாம் உன் படத்துல இருக்கறபடிதான்."

"வளைவு இருந்தா ஆழம் குறையும். அதிகமாகாது."

"ஆமா, நீதான் குளத்துக்குள்ள பொறந்து வளர்ந்தவ, எங்களுக்கு என்ன தெரியும்!" சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நடுவுல சரியா இருக்குன்னு சொல்றேன்ல. வேணும்னா இறங்கிப் பாரு."

அவள் இறங்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் சொன்னார். மில்லிக்கும் இறங்குகிற எண்ணம் கொஞ்சமும் இல்லை. அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு மேஸ்திரி?"

"மாப்பிள்ளை சார் வந்து, குதிக்க எடம் பத்தாதுன்னாரு" என்றார் மேஸ்திரி, செருப்பிடமே சொல்வதுபோல. "அம்மா நடக்கற எடத்தைக் குறைக்க முடியாது, அவங்க டேப்பு வெச்சு அளந்து பார்ப்பாங்க. நீளத்தையும் கூட்ட முடியாது, மதிலு இருக்கு. அதான்..."

அதான். நடக்கிற இடத்தைக் கேட்க ஆள் இருந்தது, குதிக்கிற இடத்தைக் கேட்க ஆள் இருந்தது. சரிவைத்தான் யாரும் கேட்கவில்லை. அதனால் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாலரை மீட்டர் இரண்டு மீட்டர் ஆகியிருந்தது.

மில்லி செருப்பைக் கழற்றினாள். கைப்பேசியை எடுத்துச் செருப்புக்குள் வைத்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு?" என்றார் சித்தப்பா.

முதல் படியில் கால் வைத்ததும் விரல்களுக்கு இடையே ஏதோ கூழாக ஏறியது. இரண்டாம் படியில் பச்சைத் தோல் கணுக்காலைச் சுற்றி மடிந்துகொண்டது, அவளை அடையாளம் தெரிந்துகொண்டதுபோல. தண்ணீர் மேலே வெந்நீராகவும் கீழே சில்லென்றும் இருந்தது. சட்டை உப்பி மேலே வந்தது, அதை அமுக்கினாள், உள்ளே புகுந்திருந்த புல் துணுக்குகள் வயிற்றில் ஒட்டிக்கொண்டன. வாயைத் திறக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கம்பை முன்னால் ஊன்றி, தண்ணீருக்குள் தையலம்மா எப்படி நடப்பாரோ அதேபோல, பாதத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தாள். ஒரு மீட்டர். இரண்டு. மூன்று. தரை நன்றாகத்தான் இருந்தது, வழவழப்பைத் தவிர.

நான்கு மீட்டர் முடிந்த இடத்தில் தரை போய்விட்டது.

கால் வழுக்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. வழுக்கினால் ஒரு கணம் தடுமாறுவோம், எதையாவது பிடிக்கப் பார்ப்போம். இங்கே அதற்கு நேரமே இல்லை. குதிகால் முன்னே ஓடியது, முதுகு பின்னே சாய்ந்தது, அடுத்த கணம் தலைக்கு மேலே பச்சை. கண்ணைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. முகத்துக்கு முன்னால் நீட்டிய கைகூடத் தெரியவில்லை. கால்கள் சரிவில் தேய்ந்துகொண்டே கீழே போயின. நிற்க முயற்சி செய்யும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போனாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

அவளுக்கு நீச்சல் தெரியும். அதனால் மேலே வந்தாள்.

ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமல் ஓக்காளமாகி, காலையில் குடித்த காப்பி பச்சை நீரில் பழுப்பாகப் பரவியது. பற்களுக்கு இடையில் மெல்லிய நார்போல ஏதோ சிக்கியிருந்தது. மூக்கில் ஒன்று ஊர்ந்தது, விரலை விட்டு எடுத்தாள், புழு. அதை உதறினாள். மேஸ்திரி ஓடி வந்து கையை நீட்டினார், அவள் பிடிக்கவில்லை.

"கம்பு எங்க?" என்றாள்.

கம்பு மிதந்துகொண்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டு மறுபடி நடுவுக்கு நீந்தி, அரை மீட்டருக்கு ஒரு தடவை இறக்கி இறக்கி அளந்தாள். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னாள். கரையேறியதும் மேஸ்திரியின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, முன்கையைத் துடைத்து அதில் எண்களை எழுதினாள்.

"நாலு மீட்டர்ல நடந்துட்டு இருந்தவ, எப்படிப் போனேன்னு பார்த்தீங்களா?" என்றாள் சித்தப்பாவிடம்.

"பாசி. பாசி வழுக்கிடுச்சு. நாளைக்கே கழுவி விட்டுட்டா பளிங்கு மாதிரி ஆயிடும். அந்த அம்மா என்ன பாசியிலயா நடக்கப்போறாங்க?" சித்தப்பாவின் குரல் இறங்கிப் பக்கத்தில் வந்தது. அவர் மூக்கைச் சுருக்கி ஓர் அடி தள்ளியே நின்றுகொண்டார். "கயிறு ஒண்ணு கட்டிடறேன் அந்த எடத்துல. ஆச்சா? உங்கப்பன் முகத்துக்காகப் பார்த்துக்கிட்டு இருக்கேன். போய்த் தலையைக் கழுவு. ஆய்வாளர் பார்த்தா அசிங்கம்."

அசிங்கம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் துளிக் கூச்சமும் இல்லை. மில்லிக்கு அந்த நிமிஷம் குளத்து நாற்றத்தைவிட அவர் சட்டையில் தெளித்திருந்த வாசனைத் திரவியம் குமட்டியது.

சந்தில் காலடிச் சத்தம். கைக்குட்டை வந்துவிட்டார்.

மெலிந்த மனிதர். வெள்ளைத் துணி மூக்கிலும் வாயிலும். கண் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கண் குளத்தைப் பார்த்ததும் பாதி மூடிக்கொண்டது. "உங்க குளம் மட்டும் ஏன்யா எப்பவும் இப்படி?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டார்.

"தண்ணி நிக்கணும் சார். சிமெண்ட் இறுகணும்" என்றார் சித்தப்பா பவ்யமாக.

ஆய்வாளர் ஆழப் பக்கத்துக்கு ஏறக்குறைய ஓடினார். நாடாவை இறக்கினார். "ரெண்டு அறுபது." குறித்துக்கொண்டார். அப்படியே படத்துக்காகக் கையை நீட்டினார். சித்தப்பா சுருளை விரித்துப் பம்பு அறைத் திண்டின்மேல் வைத்தார். ஆய்வாளர் அதைப் பார்த்துப் பார்த்துத் தன் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார்.

மில்லி அருகே போனாள். அவர் துணியை இன்னும் அழுத்திக்கொண்டு விலகினார்.

"சார், சரிவுன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுதறீங்க?"

"மூணுக்கு ஒண்ணு. படத்துல அப்படித்தானே இருக்கு?"

"அளக்கலியே சார் நீங்க."

"படத்துல வடிவமைப்பாளர் கையெழுத்து இருக்கும்மா. அதுக்குத்தான் கையெழுத்து. நான் என்ன இதுக்குள்ள இறங்கியா பார்க்க முடியும்?" அவர் கண்கள் முதல் தடவையாக அவளை முழுசாகப் பார்த்தன: தலையில் பாசி, சட்டையில் புல், கையில் எண்கள். "நீ... இறங்கினியா?"

"சின்னப் பொண்ணு சார், வழுக்கி விழுந்துட்டா" என்றார் சித்தப்பா.

மில்லி படத்தைப் பார்த்தாள். அந்தச் சரிவை அவள் எவ்வளவு பொறுமையாகப் போட்டிருந்தாள்! கீழே வலது மூலையில் அவள் கையெழுத்து, அழகாக, சுழித்து. இந்தக் குளத்தில் எதையும் மறைக்க உரமோ புல்லோ தேவைப்பட்டிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. இந்தத் தாளே போதும். இதைவிடச் சுத்தமான மூடி கிடைக்காது. போன குளத்துக்கும், அதற்கு முந்தியதற்கும் இவள் போட்ட சுத்தமான தாள்கள் இருந்தன.

மேஸ்திரியின் பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற எண்ணின் குறுக்கே கோடு போட்டாள். பச்சைத் தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டித் தாளில் வட்டம் வட்டமாக விழுந்தது. முன்கையைப் பார்த்துப் பார்த்து, அரை மீட்டருக்கு ஓர் எண்ணாக எழுதினாள். கீழே, "கட்டியபடி சரிவு: இரண்டு மீட்டரில் ஒன்றரை மீட்டர்" என்று எழுதி, தேதி போட்டு, மறுபடியும் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை சுழிக்கவில்லை.

"மில்லி!" என்றார் சித்தப்பா.

"இப்போ படத்துல இருக்கறதை எழுதுங்க சார்."

ஆய்வாளர் படத்தைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததுபோலத் தெரியவில்லை. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டாலும் கிளம்பலாம், மறுத்தாலும் கிளம்பலாம். ஆனால் அடித்து எழுதிய படத்தின்மேல் ஒப்புதல் போட்டால் நாளைக்கு அவர் தலை உருளும். படிவத்தில் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, "தண்ணியை இறைச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் மறைந்தார். உண்மை வென்றதுபோல எதுவும் இல்லை. ஒரு மனிதர் நாற்றம் தாங்காமல் ஓடினார், அவ்வளவுதான்.

"நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே" என்றார் சித்தப்பா. "உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவரும் போனார். மேஸ்திரி மோட்டாரைப் போட்டார்.

தண்ணீர் இறங்க நாலு மணி நேரம் ஆனது. மில்லி போகவில்லை. பாதி இறங்கியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுபடி நிரப்பி, வேறொரு நாள் வேறு யாரையாவது கூட்டிவந்து காட்டுவார்கள் என்று அவளுக்குப் பயம். உடம்பில் பாசி காய்ந்து தோலை இழுத்தது. தண்ணீர் இறங்க இறங்கச் சுவரில் பச்சைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. தவளைகள் மொத்தம் ஒன்பது. கடைசியில் தரை வெளியே வந்தது: தட்டையாக நான்கு மீட்டர், பிறகு மடக்கென்று ஒரு பாய்ச்சல், பிறகு குழி.

வீட்டின் பின்கதவு திறந்தது. தையலம்மா ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு, படி படியாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கி வந்தார். குளத்தின் விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். துணியின் வெட்டைப் பார்க்கிறவர் கண். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊன்றுகோலால் நடையின் முடிவைச் சுட்டினார்.

"இது வரைக்கும் நான் நடந்து வருவேன்."

"ஆமாம்மா."

"அப்புறம்?"

மில்லி குழியைப் பார்த்தாள். தையலம்மா ஊன்றுகோலைக் கீழே இறக்கினார்.

"மாப்பிள்ளை கேட்டாரா?"

"ஆமாம்மா."

"உன் சித்தப்பா வெட்டிக் குடுத்தாரா?"

"ஆமாம்மா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, "மூணு வாரமா இந்த நாத்தத்துலதான் சாப்பிட்டேன், தூங்கினேன். ஜன்னலத் திறக்க முடியல. கேட்டா, சிமெண்டுக்கு மருந்துன்னாங்க. நானும் நல்லதுக்குத்தான்னு பொறுத்துக்கிட்டேன்" என்றார். "இந்த மாதிரி அழுக விடறது உங்க கம்பெனியில வழக்கமா?"

"வழக்கம்தாம்மா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

வேறு என்ன சொல்லலாம் என்று மில்லி தேடினாள். இவ்வளவு தூரம் போவார்கள் என்று தெரியாது என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை. ஆனால் வாயில் இன்னும் அந்த ருசி இருந்தது.

"தெரியும்மா. சிரிச்சுக்கூட இருக்கேன்."

தையலம்மா குளத்தைப் பார்த்த அதே கண்ணால் அவளைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, அவசரப்படாமல். நன்றி சொல்லப் போகிறார் என்று ஒரு கணம் மில்லி நினைத்தாள். நினைத்ததற்காக உடனே கூசினாள்.

"குழாய் அந்தப் பக்கம் இருக்கு" என்றார் தையலம்மா. "கழுவிக்கிட்டு சந்து வழியாவே போயிடு. வீட்டுக்குள்ள வராதே."